சீறி வரும் உயிரும் சிராவக அறமும்

(வேங்கிக்காலில் நம் குடும்பத்தினரிடையே நிகழ்த்திய அறவுரையின் கட்டுரை வடிவம்)



எவ்வுயிர்க்கும் இன்னா செய்யாமையே தலையாய அறம் என உலகிற்கு உணர்த்தியருளிய அருகப் பெருமானின் திருவடித் தாமரைகளை மனம், மொழி, மெய்களால் வணங்கி, இல்லறத்தார்க்கு இன்றியமையாத ஒரு பொருளைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்குகிறேன்.

அஹிம்சையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் சிற்றுயிர்களையே நினைவில் கொள்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம், இரவுண்ணாமையைக் காக்கிறோம், கிழங்குகளை விலக்குகிறோம், விறகையும் கீரையையும் ஆய்ந்து பார்த்தே அடுப்பில் இடுகிறோம். இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும், இவையெல்லாம் நம்மைக் கண்டு அஞ்சும் உயிர்களிடத்தோ, நம்மைத் தடுக்க வலியற்ற உயிர்களிடத்தோ நாம் காட்டும் அருளாகும். நாம் கண்டு அஞ்சும் உயிர் ஒன்று பல்லைக் காட்டி எதிரே வரும்போது நம் அறம் எங்கே நிற்கிறது? அன்றோ நம் அஹிம்சையின் உரைகல்!

இக்கேள்வி ஏட்டளவில் எழுந்ததன்று. வேங்கிக்காலில் அறவுரை முடிந்தபின் ஒரு தாயார் எழுந்து கேட்டது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்ததால் வேங்கிக்கால் இன்று பெருகி வளர்ந்து நகரோடு கலந்துவிட்ட ஊர். புதிய மனைகள், பாதி எழும்பிய வீடுகள், உணவுக் கடைகள், அவற்றின் பின்புறம் கொட்டப்படும் எச்சில் இலைகள், அவற்றை நம்பி வாழும் நாய்கள் என யாவும் அங்கு உண்டு. அத்தாயார் கேட்டார்: "ஐயா, என் மகன் மாலையில் பாடம் படித்துவிட்டுச் சைக்கிளில் திரும்புகையில் ஐந்தாறு நாய்கள் துரத்துகின்றன. ஒருமுறை விழுந்து முழங்கை உடைந்தது. தெருவில் உள்ளவர்கள் நாய்களுக்கு விஷம் வைக்கலாம் எனப் பேசி, வீட்டுக்கு இவ்வளவு எனப் பணம் கேட்கிறார்கள். நாங்கள் கொடுத்தால் விரதம் போகும். கொடுக்காவிட்டால், உங்கள் பிள்ளையை நாய் கடிக்கட்டும் என்று ஏசுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?"

இவ்வினாவை 'கொல்லாதே' என்ற ஒரு சொல்லால் தள்ளிவிடுவது எளிது. ஆனால், பிள்ளையின் உயிரும் அதில் அடங்கியுள்ளதே! ஆதலின் முறையாக ஆராய்வோம்.

நால்வகை ஹிம்சை

நம் ஆசாரியர்கள் இல்லறத்தார்க்கு உரிய ஹிம்சையை நான்காகப் பகுத்துக் காட்டியுள்ளனர். கொல்ல வேண்டும் என்று எண்ணியே செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், பெருக்குதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. உழவு, வாணிபம் முதலிய தொழில்களில் நேர்வது உத்தியோக ஹிம்சை. தன்னையும், தன் குடும்பத்தையும், நாட்டையும் தாக்க வருவோரைத் தடுக்கையில் நேர்வது விரோதி ஹிம்சை.

இவற்றுள் அணுவிரதம் ஏற்ற சிராவகன் முற்றிலும் துறந்தாக வேண்டியது சங்கல்ப ஹிம்சை. ஏனைய மூன்றையும் அவன் முழுமையாக விட்டுவிட இயலாது. இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதே கட்டளை. குழந்தையின் காலைக் கவ்விய நாயைக் கையிலுள்ள கோலால் அடித்து விலக்கும் தந்தை அணுவிரதத்தை முறித்தவன் ஆகான். அந்நொடியில் விரதத்தை நினைத்து அவன் கைகட்டி நிற்பானாயின், அது அருளன்று. கடமை தவறுதலே ஆகும். இதில் ஐயம் வேண்டுவதில்லை.

எனினும், விரோதி ஹிம்சை என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு எதையும் செய்துவிட முடியாது. அதற்குச் சில எல்லைகள் உண்டு. ஆபத்து கண்முன் இருத்தல் வேண்டும். வேறு வழி இல்லாதிருத்தல் வேண்டும். தடுப்பதற்கு வேண்டிய அளவே வலிமை காட்டுதல் வேண்டும். ஆபத்து நீங்கிய கணமே கை நிற்றல் வேண்டும். நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிய பின்னும் அதனைத் துரத்திச் சென்று அடிப்பவனிடத்தில் இருப்பது தற்காப்பு அன்று, சினம். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கவனமின்மையாலும் கஷாயத்தாலும் உயிருக்கு ஊறு செய்தலையே ஹிம்சை என வரையறுத்தார். அடி ஒன்றேயாயினும், அஞ்சித் தடுத்த கைக்கும் வெகுண்டு ஓங்கிய கைக்கும் வினைக்கட்டு ஒன்றாகாது.

செய்தல், செய்வித்தல், உடன்படல்

இனி, விஷம் வைத்தலைப் பார்ப்போம். உணவில் நஞ்சு கலந்து தெருவில் வைப்பவன், அவ்வேளையில் தன்னைத் தாக்க வராத உயிரை, கொல்ல வேண்டும் என்று திட்டமிட்டே கொல்கிறான். இது ஐயமின்றிச் சங்கல்ப ஹிம்சை. கடித்த நாய், கடிக்காத நாய், குட்டிக்குப் பாலூட்டும் நாய் என்று நஞ்சு வேறுபாடு பார்ப்பதில்லை. காகமும் பூனையும் மேயவரும் கன்றும்கூட அதனை உண்டு மடியும்.

"நாங்கள் வைக்கவில்லையே, பணம் மட்டும்தானே கொடுத்தோம்" என்று சொல்லித் தப்ப இயலுமா? தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படல் ஆகிய மூன்றாலும் வினை வந்து ஒட்டும் என்பது நம் சமயத்தின் அடிப்படைப் பாடம். பணம் கொடுப்பது செய்வித்தல். பேசாமல் இருந்து உள்ளூர மகிழ்வது உடன்படல். ஆதலின், அத்தாயாருக்கு நான் கூறிய விடை இது: பணம் கொடுத்தல் கூடாது, கொடாமல் ஒதுங்கி நிற்பதும் போதாது. அதே பணத்தையும், அதனினும் மிகுந்த உழைப்பையும், கொல்லாமல் காக்கும் வழிக்குக் கொடுத்தல் வேண்டும். அவ்வழி யாது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நாட்டுச் சட்டமும் இதனைக் குற்றமாகவே கொள்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 325ஆம் பிரிவின்படி, விலங்கினைக் கொல்வதற்கும் நஞ்சிடுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம்.

அகமதாபாத்தில் எழுந்த வழக்கு

இவ்வினா நமக்கு மட்டும் புதிதாக எழுந்ததன்று. 1926ஆம் ஆண்டில் அகமதாபாத் நகரில் இது பெரும் புயலாக எழுந்தது. ஜைனரும் ஆலை அதிபருமான அம்பாலால் சாராபாய் தம் ஆலை வளாகத்தில் திரிந்த அறுபது நாய்களைக் கொல்லச் செய்தார். வெறிநாய்களால் தொழிலாளர்க்குத் தீங்கு நேரும் என்ற அச்சமே காரணம். நகரத்து ஜைனர்கள் மனம் கொதித்தனர். காந்தியடிகளிடம் வழக்கு சென்றது. அடிகள், வேறு என்ன செய்ய இயலும் என்று சாராபாயின் பக்கம் பேசியதோடு, 'யங் இந்தியா' இதழில் தொடர்ச்சியாகக் கட்டுரைகளும் எழுதினார். உரிமையாளரின்றித் திரியும் நாய்க்குப் போகிற போக்கில் எச்சில் சோற்றை எறிவது ஜீவகாருண்யம் ஆகாது. நாய்மேல் அன்பிருந்தால் அதன் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

நம் ஆசாரியர் அமிர்தசந்திரர் புருஷார்த்த சித்யுபாயத்தில் இக்கேள்விக்கு நேராகவே விடை கூறியுள்ளார். கொடிய ஓர் உயிரைக் கொன்றால் பல உயிர்கள் பிழைக்கும் என்று கருதிக் கொல்லுதல் கூடாது. அவ்வுயிர் மேலும் பாவம் ஈட்டாதிருக்கட்டும் என்று இரங்கிக் கொல்லுதலும் கூடாது. துன்புறும் உயிரைத் துன்பத்தினின்று விடுவிப்பதாக எண்ணிக் கொல்லுதலும் கூடாது. பத்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் ஆசாரியர் இவ்வாதங்கள் மூன்றையும் எடுத்து மறுத்து வைத்திருப்பதைக் காண வியப்பு உண்டாகிறது.

அப்படியாயின் காந்தியடிகள் கூறியது முற்றும் பிழையோ? அவருடைய கேள்வியின் பாதி நம்மை இன்றும் சுடுகிறது. பொறுப்பை ஏற்காத இரக்கம் இரக்கமன்று என்ற அப்பகுதி உண்மை. மற்றப் பகுதியான 'வேறு என்ன செய்ய இயலும்' என்பதற்கு, அன்று இல்லாத விடை இன்று நம் கையில் உள்ளது. அதுவே கருத்தடையும் தடுப்பூசியும். சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டளவில் தொடங்கி 1996 வரை தெருநாய்களைக் கொன்றுவந்தது. நூறாண்டுகளுக்கு மேலாகக் கொன்றும் நாய்கள் ஒழியவில்லை. 1996இல்தான் அங்குக் கருத்தடை முறை மேற்கொள்ளப்பட்டது. கோவா மாநிலத்தில் நாய்களுக்கு ஆண்டுதோறும் பரவலாகத் தடுப்பூசி போட்டதன் பயனாக, 2018 முதல் 2020 வரை வெறிநோயால் ஒரு மனிதரும் இறக்கவில்லை. ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்பது மருத்துவ உலகம் கண்ட உண்மை. கொல்லாமை இங்கே அறமாக மட்டுமன்றி அறிவுடைமையாகவும் விளங்குகிறது.

மும்பையில் 1832ஆம் ஆண்டு ஆங்கில ஆட்சியினர் தெருநாய்களைக் கொல்லத் தொடங்கியபோது, பார்சி மக்கள் முன்னின்று எதிர்த்தனர். பிறரும் உடன் நின்றனர். அவர்கள் எதிர்ப்போடு நின்றுவிடவில்லை. 1834இல் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சிப் பெருமகனாரும், அமிசந்த் ஷா என்ற ஜைனரும் சேர்ந்து பாஞ்சராபோல் என்னும் விலங்குக் காப்பகத்தை நிறுவினர். 'கொல்லாதே' என்று சொன்னவர்கள், 'நாங்கள் காக்கிறோம்' என்றும் சொன்னார்கள். இதுவே முழுமையான சொல்.

முனிவர் நெறியும் இல்லறத்தார் நெறியும்

சில அன்பர்கள், "நம் முனிவர்கள் புலிக்கும் அஞ்சாமல் நின்றனரே, நாம் மட்டும் ஏன் தற்காத்துக்கொள்ள வேண்டும்?" என வினவுவர். பத்மபுராணம் கூறும் சுகோசல முனிவரின் வரலாறு நாம் அறிந்ததே. கணவனும் மகனும் துறவு பூண்டதால் வெதும்பி இறந்த அன்னை சகதேவி புலியாய்ப் பிறந்து, தியானத்தில் நின்ற தன் மகனையே கிழித்து உண்டாள். முனிவர் அசைந்திலர். பின்னர்த் தந்தையாகிய கீர்த்திதர முனிவரின் சொல் கேட்டு, அப்புலி பழம்பிறப்பு உணர்ந்து வருந்தியது.

சுவேதாம்பர மரபின் ஆசாராங்க சூத்திரமும் ஒரு செய்தியைக் கூறும். பகவான் மகாவீரர் லாட நாட்டில் திரிந்தபோது அந்நாட்டு மக்கள் நாய்களை ஏவிவிட்டனர், அவை கடித்தன. அந்நாட்டில் உலவிய பிற துறவியர் நாய்களைத் தடுக்கக் கையில் கோல் கொண்டு சென்றனர். பகவானோ கோலும் ஏந்தாது சென்றார் என்பது அதன் கருத்து. நம் மரபு அந்நூலை ஆகமமாக ஏற்பதில்லையெனினும், அக்கால வழிநடையின் இடர் அதில் தெளிவாகத் தெரிகிறது.

இருபத்திரண்டு பரீஷகங்களைப் பொறுத்தல் உடலைத் தமதன்று எனத் துறந்த மாமுனிவர்க்கு உரிய மகாவிரதம். நாமோ உடலைப் பேணுகிறோம். பிள்ளைகளைப் பெற்று வளர்க்கிறோம். நம்மைச் சார்ந்த உயிர்கள் பல. ஆதலின், கோல் ஏந்துதல் நமக்குக் குற்றமன்று. ஆனால், அக்கோலை அடிப்பதற்காக ஏந்துகிறோமா, இடைவெளி காப்பதற்காக ஏந்துகிறோமா என்பதே வினா. முனிவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது உடலை ஈவது அன்று, உள்ளம் கலங்காமை. அவ்வமைதியே தற்காப்பின் முதற்படி என்பதை இனிக் காண்க.

நாய் எதிர்ப்படும்போது

முனிவர்க்கு ஈரியா சமிதி என்றோர் ஒழுக்கம் உண்டு. நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி நடத்தல் அது. சிராவகனும் வழியைப் பார்த்து நடந்தால் பாதி ஆபத்து வாராது. உறங்கும் நாய், உண்ணும் நாய், குட்டி ஈன்ற நாய் ஆகிய மூன்றின் அருகே செல்லாதீர்கள். குட்டியைத் தூக்கிக் கொஞ்சக் குழந்தைகளை விடாதீர்கள். நாய் கடிப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். தன் இடத்திற்கோ, உணவிற்கோ, குட்டிக்கோ தீங்கு வந்ததென்று அது கருதுகிறது. அதுவும் நம்மைப்போல் தன்னைத் தற்காத்துக்கொள்ளவே சீறுகிறது என்பதை உணர்ந்தால் நம் சினம் தணியும்.

நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. நின்றுவிடுங்கள். அதன் கண்களை உற்று நோக்காது பக்கவாட்டில் பாருங்கள். கைகளை ஆட்டாமல் உடலோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கூச்சலிடாதீர்கள். அதன் ஆர்வம் தணிந்ததும், முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பை, குடை, சைக்கிள் எது கையில் இருப்பினும் இடையில் தடுப்பாக நிறுத்துங்கள். கடிக்க வந்தாலும் அதனைக் கவ்வட்டும். தெருநாய்கள் பல, கல்லெடுக்கக் குனிவதுபோல் குனிந்த அளவிலேயே விலகிவிடும். அவ்வளவில் பயன் கிட்டியபின் கல்லை எறிவானேன்? கீழே தள்ளப்பட்டால் உடலைச் சுருட்டிக் கவிழ்ந்து, கைகளால் பிடரியையும் காதுகளையும் மூடிக்கொண்டு அசையாதிருத்தல் வேண்டும். இதனைக் குழந்தைகளுக்கு வீட்டில் விளையாட்டுப்போல் பழக்கிக் காட்டுங்கள். ஆபத்து வந்தபின் கற்பிக்க நேரம் இராது.

சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ செல்வோர் துரத்தும் நாயைக் கண்டு வேகத்தைக் கூட்டுவதாலேயே பெரும்பாலும் விழுகின்றனர். வேகத்தைத் தணித்து, வேண்டுமாயின் நிறுத்தி இறங்கி, வண்டியை இடையில் வைத்துக்கொண்டு நடந்தால் நாய் துரத்தும் ஊக்கத்தை இழந்துவிடும். அத்தாயாரின் மகனுக்கும் இதனையே கூறினேன்.

காட்டுப்பூனையும் சிறுத்தையும்

நம்மவர் பெரும்பாலும் உழவுக் குடியினர். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, போளூர் வட்டங்களில் கரும்பும் நெல்லும் மணிலாவும் பயிரிடுவோர் காட்டுப்பூனையை அறிவர். எலிகளை உண்டு பயிரைக் காக்கும் அது மனிதனைக் கண்டால் ஒதுங்குமேயன்றித் தானாகத் தாக்க வாராது. வைக்கோற்போரிலோ கொட்டகையிலோ சிக்கி, தப்ப வழியில்லாதபோதுதான் பாயும். ஆதலின், வெளியேற ஒரு வழியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். கரும்பு வெட்டும்போது குட்டிகள் தென்பட்டால் வீட்டிற்கு எடுத்து வராதீர்கள். தாய் இரவில் வந்து அவற்றைக் கவ்விச் செல்லும். அக்குட்டி சிறுத்தையினுடையதாகவும் இருக்கலாம். வனத்துறைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சிறுத்தை நம் பகுதிக்கு அயலானது என்று எண்ணிவிட வேண்டா. பகவான் ரமணர் வாழ்ந்த நாட்களில் அண்ணாமலையிலேயே சிறுத்தைகள் உலவின. அண்டை மாவட்டத் தலைநகராகிய திருப்பத்தூரில் 2024 ஜூன் 14 அன்று, ஆட்சியர் அலுவலகத்தின் அருகிலுள்ள பள்ளி வளாகத்தில் சிறுத்தை புகுந்து ஒருவரைக் காயப்படுத்தியது. பின்னர் அது அருகிலிருந்த கார் நிறுத்துமிடத்திற்குள் சென்றது. அங்கிருந்தவர்கள் கார்களுக்குள் அமர்ந்து கதவை அடைத்துக்கொண்டு காத்திருந்தனர், பத்திரமாக மீட்கப்பட்டனர். சிறுத்தையும் மயக்க ஊசியால் பிடிக்கப்பட்டது. கூட்டம் கூடிக் கல்லெறிந்திருந்தால் எத்தனை உயிர் போயிருக்குமோ! கதவுக்குப் பின் அமைதியாக இருத்தலே அன்று தற்காப்பாயிற்று.

எல்லா நிகழ்ச்சியும் இவ்வாறு இனிதே முடிவதில்லை. 2023 ஆகஸ்டில் திருமலைக்குச் செல்லும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி சிறுத்தைக்கு இரையானாள். அதன்பின் தேவஸ்தானம் நடந்து செல்வோர்க்குக் கைத்தடி வழங்கியது. 2025 ஜூனில் வால்பாறைத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து நான்கு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கவ்விச் சென்றது. இத்துயரங்களை மறந்து அருளறம் பேசுதல் தகாது.

காட்டை ஒட்டிய இடங்களில் இருட்டியபின் தனியே நடவாதீர்கள். விளக்கோடும் பேச்சொலியோடும் கூட்டமாகச் செல்லுங்கள். குழந்தைகளை நடுவில், கைக்கெட்டும் தொலைவில் வையுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டுங்கள். இரவில் நாயையும் ஆட்டையும் வெளியே கட்டாதீர்கள்; அவையே சிறுத்தையை ஊருக்குள் அழைக்கும் விருந்து. எதிர்ப்பட்டுவிட்டால் குனியவும் உட்காரவும் ஓடவும் வேண்டா. நிமிர்ந்து நின்று, துண்டையோ குடையையோ உயர்த்தி உருவைப் பெரிதாக்கிக் காட்டி, குரலெழுப்பி, மெல்லப் பின்னடையுங்கள். மேலே பாய்ந்துவிட்டால் கையிலுள்ளதைக் கொண்டு முழு வலிமையோடு எதிர்த்துப் போராட வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், நல்லெண்ணத்தோடு தன்னையோ பிறரையோ காக்கச் செய்யும் எதிர்ப்பைக் குற்றமாகக் கொள்வதில்லை. வலை வைப்பதும், மின்வேலி இடுவதும், நஞ்சு வைப்பதும் குற்றமே. சட்டம் பிரிக்கும் இக்கோடு, விரோதி ஹிம்சைக்கும் சங்கல்ப ஹிம்சைக்கும் இடையே நம் ஆசாரியர் இட்ட கோட்டோடு ஒத்திருத்தல் காண்க.

கடிபட்டால்

நாயோ, பூனையோ, வேறு விலங்கோ கடித்தாலும் கீறினாலும் உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுதல் வேண்டும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள் எதனையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். முதல் ஊசி நாளை 0 எனக் கொண்டு, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலினுள் போடப்படும் ஊசி தொடரும். தசையில் போடும் முறையில் நாட்கள் சிறிது மாறும். இரத்தம் கசியும் காயமாயின், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுங்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பித்தல் ஏறத்தாழ இயலாது. அறிகுறி தோன்றுமுன் முறையாக ஊசி போட்டுக்கொண்டவரோ காக்கப்படுவர். 1885இல் பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அம்மருந்தைச் செலுத்திக் காத்தார். நம் தமிழகத்தில் குன்னூரில் 1907 முதலே பாஸ்டர் நிலையம் உள்ளது.

முதியோர் சிலர், "அம்மருந்து ஆட்டின் மூளையிலிருந்து எடுப்பதாயிற்றே, வயிற்றில் பதினான்கு ஊசி போடுவார்களே" எனத் தயங்குவர். அது பழைய முறை. 2004ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் கைவிடப்பட்டது. இன்று சோதனைக் கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களில் மருந்து ஆக்கப்படுகிறது. கையில் நான்கைந்து ஊசியோடு முடிகிறது. விரதத்தைக் காரணம் காட்டி ஊசியை மறுக்க இடமில்லை.

வேறு சிலர் மந்திரிக்கச் செல்வர், பச்சிலை உண்பர். மூவகை மூடங்களுள் உலக மூடத்தை நீக்குதல் நற்காட்சியின் இலக்கணம் என நாம் அருங்கலச்செப்பில் கற்கிறோம். பஞ்ச நமஸ்காரத்தை ஓதுங்கள். அது உள்ளத்தின் கலக்கத்திற்கு மருந்து. காயத்திற்கு மருந்து மருத்துவமனையில் உள்ளது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தல் நல்லறிவு ஆகாது.

நாய் வளர்ப்போர்க்கும் ஊரார்க்கும்

அஹிம்சாணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றல், உணவு நீர் தடுத்தல். பகல் முழுதும் ஒரு முழச் சங்கிலியில் கட்டி, நேரத்திற்கு நீரும் வையாது, வழிப்போக்கரைக் கண்டு வெறிகொள்ளும்படி நாயை வளர்ப்போர் இவற்றுள் எத்தனையைச் செய்கின்றனர் என எண்ணிப் பாருங்கள். கொல்லும் இயல்புடைய விலங்கை விரும்பி வளர்த்தலைக் கார்த்திகேய அனுப்பிரேட்சை அனர்த்த தண்டத்துள் வைத்துப் பேசுகிறது. முன்பே வளர்த்துவிட்டீர்களாயின் கைவிடாதீர்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள், கருத்தடை செய்யுங்கள். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி ஊர்க்கோடியில் விட்டு வருதல் பெரும்பாவம். அவையே பசித்துத் திரண்டு நாளை பிறர் பிள்ளையைத் துரத்தும்.

தெருவில் செய்ய வேண்டியது மூன்று. முதலாவது, கழிவு. எச்சிலும் இறைச்சிக் கழிவும் கிடக்குமிடத்தில்தான் நாய்க்கூட்டம் பெருகும். இரவுண்ணாமையைக் காக்கும் நம் இல்லங்களில் இருட்டியபின் எச்சில் விழ இடமில்லை. அந்நோன்பை ஒழுங்காகக் காத்து, பிற கழிவையும் தெருவில் எறியாதீர்கள். இரண்டாவது, கருத்தடையும் தடுப்பூசியும். 2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் இதனை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியுள்ளன. தெருவார் ஒன்றுகூடி எழுத்தில் மனுக் கொடுத்து, செயற்படும்வரை தொடருங்கள். விஷத்திற்கென்று திரட்டும் பணம் நாய்களைப் பிடித்து ஊசி போடும் முகாமிற்குப் போதும். மூன்றாவது, உணவிடும் இடம். நாய்க்கு உணவிடுவோர் பள்ளி வாயிலிலும் முதியோர் நடக்கும் வழியிலும் இடாமல், அதற்கென ஒதுக்கிய இடத்திலேயே இடுதல் வேண்டும். உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று பிறப்பித்த ஆணையும் இதனையே வலியுறுத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அவை இருந்த இடத்திலேயே விட வேண்டும் என்றும், வெறிநோய் கொண்டனவற்றையும் கடிக்கும் இயல்புடையனவற்றையும் விடலாகாது என்றும் அது கூறியது. கடிக்கும் நாயைத் தனியே அடைத்துக் காப்பதற்கு வழி இருக்கையில், கொல்வதற்கு என்ன நியாயம்?

அபயதானம்

உணவு, மருந்து, நூலறிவு, அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயதானத்தைச் சான்றோர் உயர்த்திக் கூறுவர். அஞ்சிய உயிருக்கு அச்சம் நீக்குதல் அது. தெருவில் நாய்க்கு அஞ்சி நடக்கும் சிறுவனும் அஞ்சிய உயிரே. கல்லுக்கும் நஞ்சுக்கும் அஞ்சித் திரியும் நாயும் அஞ்சிய உயிரே. ஒருவர் அச்சத்தை நீக்க மற்றொருவர் உயிரை எடுப்பது தானமன்று. இருவர்க்கும் அபயம் கிட்டும் வழியைத் தேடி உழைப்பதே சிராவகன் அளிக்கும் அபயதானம்.

திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், அந்தணர் சமைத்த சோற்றைத் தீண்டியதற்காக அடியுண்டு துடித்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து, பின்னாளில் சீவகனுக்கு உற்ற துணையாயிற்று. பகவான் மகாவீரரும் தம் முற்பிறப்பொன்றில் சிங்கமாய் இருந்தபோது, சாரண முனிவர்தம் அறவுரை கேட்டுக் கொலை தவிர்த்தவர் அன்றோ? நம்மேல் சீறி வரும் உயிருக்குள்ளும் சித்தராகத்தக்க ஓர் ஆன்மா உறைகிறது. அதன் பல்லுக்கு நாம் விலகி நிற்போம், கோலால் தடுப்போம், கடிபட்டால் ஊசி போட்டுக்கொள்வோம். அதன் உயிர்மேல் மட்டும் பகை கொள்ளாதிருப்போம். தடுக்க நேர்ந்து அடித்துவிட்டோமாயின், அன்று மாலையே பிரதிக்கிரமணத்தில் அதனையும் நினைந்து வருந்துவோம்.

இவ்வாறு ஒழுகும் இல்லங்களில் பிள்ளைகளும் அஞ்சாது வாழ்வர்; பிற உயிர்களும் அஞ்சாது வாழும்.

அறம் வளர்க! அருளறம் ஓங்குக! ஜெய ஜினேந்திரா!